வெண்ணெய் வெள்ளையும் சாம்பல் வெள்ளையும்: ஒரு சிவப்புத் தரைக் கூடத்திற்கு வண்ணம் தேர்ந்த பதிவு

மதுரையில் உள்ள எங்கள் வீட்டுக் கூடம் 14 அடி நீளமும் 12 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்டது. வடக்குச் சுவரில் இரண்டு ஜன்னல்கள், கிழக்கே வாசல், மேற்கே உள்ளறைக்குப் போகும் கதவு. தரை தாத்தா காலத்தில் போட்ட சிவப்பு ஆக்சைடு தரை. பல பத்தாண்டுகளாகக் கால் பட்டும் ஈரத்துணி பட்டும் மெருகேறி, ஜன்னல் கம்பிகள் அதில் நிழலாடும் அளவுக்குப் பளபளப்பது. சென்ற ஆனி மாதத்தில் இந்தக் கூடத்திற்கும் இதை ஒட்டிய படுக்கையறைக்கும் புதிதாக வண்ணம் பூசினோம். மஞ்சள் சாயும் வெள்ளை ஒன்று, சாம்பல் சாயும் வெள்ளை ஒன்று என இரண்டே நிறங்கள்தான் எங்கள் முன் இருந்தன. கடையின் வண்ண அட்டையில் அவை அடுத்தடுத்த கட்டங்கள். அந்த இரண்டில் ஒன்றைத் தேர ஒன்பது நாட்கள் ஆயின. அந்த ஒன்பது நாட்களில் பார்த்ததை, பார்த்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

முதலில் எடுத்த முடிவு தவறாகப் போனது. கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் அட்டையைப் பார்த்து மஞ்சள் சாயும் வெள்ளையை நான்கு லிட்டர் கலந்து வாங்கி வந்தேன். பெயின்டர் அண்ணன் தெற்குச் சுவரில் ஒரு கோட்டு அடித்து முடித்தபோது காலை பதினொரு மணி. ஈரத்தில் அது பால்போல் இருந்தது, எல்லோருக்கும் பிடித்தது. மாலை நான்கரை மணிக்குக் காய்ந்த சுவரைப் பார்த்த அம்மா, “என்னப்பா, ரோஸ் பவுடர் போட்ட மாதிரி இருக்கு?” என்றார். சுவரின் கீழ்ப்பாதி, அதாவது தரையிலிருந்து நான்கடி உயரம் வரை, பழுத்த பப்பாளியின் உட்தோல் நிறத்துக்கு வந்திருந்தது. மேலே போகப் போக அந்தச் சாயல் குறைந்து, கூரைக்கருகில் அட்டையில் பார்த்த வெண்ணெய் நிறமாகவே இருந்தது. ஒரே டப்பாவின் ஒரே பூச்சு. சுவரின் அடியில் ஒரு நிறம், தலையில் ஒரு நிறம். இயந்திரத்தில் சாயம் கலந்து கொடுத்த வண்ணத்தைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அன்றே வேலையை நிறுத்திவிட்டு, அட்டையில் பக்கத்திலிருந்த சாம்பல் வெள்ளையில் ஒரு லிட்டர் மட்டும் வாங்கி வந்து, முறையாக ஒப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

இதற்கு முன் நடந்த சுவர்ப் பணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூடத்தின் பழைய டிஸ்டெம்பரைச் சுரண்டிக் கழுவினோம். மேற்குச் சுவரின் அடியில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. பின்னால் உள்ள குளியலறைக் குழாய் இணைப்பில் கசிவு இருப்பது தெரிந்து, அதைச் சரிசெய்து, மூன்று வாரம் சுவரை உலரவிட்ட பிறகே மேற்கொண்டு வேலை நடந்தது. ஓதம் அடங்காத சுவரில் எந்த வெளிர் நிறமும் ஓராண்டு தாங்காது என்பதால் இந்தக் காத்திருப்பை நான் வீண் என்று நினைக்கவில்லை. பிறகு இரண்டு முறை பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் ஒரு கோட்டு. படுக்கையறையில் அப்போது கை வைக்கவில்லை. அங்கே பழைய பிஸ்தாப் பச்சை அப்படியே இருந்தது.

இனி அந்த இரண்டு நிறங்கள். முதலாவதை வீட்டில் வெண்ணெய் வெள்ளை என்று சொல்லத் தொடங்கினோம். சாயம் சேர்ப்பதற்கு முன் உள்ள வெள்ளைப் பூச்சை பேஸ் என்கிறார்கள். அதற்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்நிறமி. அதில் மஞ்சள் ஆக்சைடு சிறிது சேர்ந்தால் கிடைப்பது இது. இரண்டாவது சாம்பல் வெள்ளை. அதில் கறுப்பு ஒரு துளி, பச்சை அதற்கும் குறைவாக. ஒரு பூச்சு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்று சொல்லும் எண்ணை எல்.ஆர்.வி என்கிறார்கள். வெண்ணெய் வெள்ளைக்கு அட்டையில் 78 என்றும், சாம்பல் வெள்ளைக்கு 75 என்றும் போட்டிருந்தது. இந்த மூன்று புள்ளி வித்தியாசத்தைக் கண் எளிதில் கண்டுகொள்ளாது. இரண்டுமே கூடத்தை வெளிச்சமாக வைத்திருக்கப் போதுமானவை. அட்டையை நம்பியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறோம் என்பது என் எண்ணம். வெளிர் நிறத்தில் எவ்வளவு வெளிர் என்பதைவிட எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே பெரிய கேள்வி, ஆனால் அந்தச் சாய்வை அந்த எண் சொல்வதில்லை. அதை அடிச்சாயல் என்று சொல்லலாம். இரண்டு வெள்ளைகளைத் தனித்தனியே பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். அருகருகே வைத்தால் உடனே ஒன்று மஞ்சளாகவும் மற்றது பச்சை கலந்த சாம்பலாகவும் பிரிந்துவிடும்.

ஒப்பீட்டின் முதல் நாளில் ஒரு பிழை செய்தோம். கூடத்தில் ஒரு சுவர் ஏற்கெனவே பாதி வண்ணத்தில் இருந்ததால், படுக்கையறையின் பிஸ்தாப் பச்சைச் சுவரிலேயே இரண்டு அடிச் சதுரத்தில் இரண்டையும் அடித்துப் பார்த்தோம். வெண்ணெய் வெள்ளை அங்கே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. சிவப்புத் தரையே இல்லாத அறையில் ஏன் இளஞ்சிவப்பு என்று குழம்பினோம். காரணம் சுற்றியிருந்த பச்சை. ஒரு நிறம் தன் அருகில் உள்ளதைத் தனக்கு எதிரான நிறத்தின் பக்கம் தள்ளிக் காட்டும். பச்சைக்கு எதிர் சிவப்பு. பாரிஸில் கோபெலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரல், நூலின் சாயம் மங்கலாகத் தெரிகிறது என்ற புகாரை ஆராயப் போய், குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் இருக்கிறது என்று கண்டு, 1839-இல் நூலாகவே எழுதிய விதி இது. நம் ஊர் நெசவாளர்களும் கரை நிறத்தை உடல் நிறத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்காமல் தேர்வதில்லை.

பச்சையை மறைப்பதற்காக, சலவை செய்த வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டாக மடித்து, நடுவில் சதுரங்கள் மட்டும் தெரியும்படி சுவரில் கட்டித் தொங்கவிட்டேன். இப்போது வெண்ணெய் வெள்ளை அழுக்குப் பிடித்த மஞ்சளாக மாறிவிட்டது. சிறிது நேரம் நின்று பார்த்த பெயின்டர் அண்ணன், “தம்பி, வேட்டில நீலம் போட்டிருக்கு. அது பக்கத்துல எந்த மஞ்சளும் நிக்காது” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. வெளுத்த பருத்தி இயல்பில் லேசான மஞ்சள் ஓடியது. நீலம் அந்த மஞ்சளை அடித்துவிடுவதால்தான் நம் கண்ணுக்கு அது பளீர் வெள்ளை. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அதே நீலத்தைக் கொஞ்சம் கரைத்து ஊற்றுவார்கள். சுவர் நீலமாக வேண்டும் என்பதற்காக அல்ல, மஞ்சள் தெரியாமல் இருப்பதற்காக. அடிச்சாயல் என்று நான் சுற்றி வளைத்து எழுதுவதை, சுண்ணாம்பு வாளியில் ஒரு சிட்டிகை நீலம் போட்ட கைகள் எப்போதோ அறிந்திருந்தன. அந்த வேட்டியைக் கழற்றும்போது எனக்கு உண்மையிலேயே மரியாதை தோன்றியது.

அதன்பின் பழைய நிறத்தின் மேல் பார்ப்பதைக் கைவிட்டோம். மீதமிருந்த ப்ளைவுட்டில் இரண்டடிக்கு இரண்டடி என நான்கு பலகைகள் அறுத்து, பிரைமர் அடித்து, ஒவ்வொரு நிறத்திலும் இரண்டிரண்டு பலகைகளில், நான்கு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு கோட்டு பூசினோம். விளிம்பில் வெள்ளை விடாமல் ஓரம் வரை பூசினோம். வெள்ளைக் கரை இருந்தால் எந்த வெளிர் நிறமும் உள்ளதைவிட அடர்த்தியாகத் தோன்றும். மறுநாள் வரை எதையும் மதிப்பிடவில்லை. எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது அதில் மிதக்கும் பிசின் துகள்கள் ஒளியைச் சிதறடித்துப் பால் நிறம் காட்டும்; நீர் வற்றி அவை ஒன்றோடொன்று ஒட்டித் தெளிந்த படலமான பிறகே சாயத்தின் உண்மையான அடர்த்தி வெளிப்படும். முதல் நாள் பதினொரு மணிக்கு எங்களைக் கவர்ந்த பால் நிறம் இந்த ஈரத்தின் வேலைதான்.

பலகைகளைக் கூடத்தில் தரையோடு ஒரு ஜோடியும், ஐந்தடி உயரத்தில் ஒரு ஜோடியுமாக, பிரைமர் அடித்த மேற்குச் சுவரில் நிறுத்தி வைத்தேன். காலை ஏழு மணி, நண்பகல், மாலை நான்கரை, இரவு எட்டு என நான்கு வேளையும் பார்த்துக் குறித்துக்கொண்டேன். இதில் தரையோடு நின்ற ஜோடிதான் முடிவைத் தீர்மானித்தது. வெண்ணெய் வெள்ளைப் பலகையின் அடி ஓரம் நான்கு வேளையில் மூன்று வேளை பப்பாளி நிறமாகவே இருந்தது. பக்கத்திலிருந்த சாம்பல் வெள்ளைப் பலகையிலோ, அடியில் மட்டும் ஒரு விரற்கடை அளவுக்கு மெல்லிய சூடு தெரிந்ததே தவிர, மேலே அது சாதுவான வெள்ளையாக நின்றது. அதில் பச்சையோ சாம்பலோ இருப்பதாகவே தோன்றவில்லை. சோதித்துப் பார்க்க, பலகைகளுக்கு முன்னால் தரையில் ஒரு கோரைப்பாயை விரித்தேன். வெண்ணெய் வெள்ளை அந்த நொடியே வெண்ணெயாகத் திரும்பியது, சாம்பல் வெள்ளை சற்று மங்கியது. பாயைச் சுருட்டியதும் மீண்டும் பப்பாளி. அம்மாவையும் பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்து இதை மூன்று முறை செய்து காட்டினேன்.

சிவப்புத் தரை தன்மேல் விழும் ஒளியில் நீலத்தையும் பச்சையையும் பெரும்பாலும் விழுங்கிவிட்டுச் சிவப்பை மேலே அனுப்புகிறது. மெருகேறிய பெரிய தரை என்றால் அது கிட்டத்தட்ட அறையின் இரண்டாவது விளக்கு, அதுவும் சிவப்பு விளக்கு. அந்த ஒளி மஞ்சள் சாய்ந்த சுவரில் பட்டால் இரண்டும் கூடி ஆரஞ்சின் பக்கம் போகிறது. பச்சை சாய்ந்த சுவர் சிவப்பைச் சற்றுக் குறைத்தே திருப்புவதால், தரையின் மிகுதியும் சுவரின் குறைவும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடுகின்றன.

நான்கு சுவருக்கும் ஒரே நிறம் அடிக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. ஒளி ஒரு சுவரில் பட்டுத் தெறித்து எதிர்ச் சுவருக்குப் போய், அங்கிருந்து மீண்டும் வருகிறது. ஒவ்வொரு தெறிப்பிலும் சாயல் பெருகுகிறது. கணக்குக்காக ஒரு சுவர் மஞ்சள் ஒளியில் நூற்றுக்கு 80-ஐயும், நீல ஒளியில் 60-ஐயும் திருப்புகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் தெறிப்புக்குப் பின் நீலம் மஞ்சளில் நான்கில் மூன்று பங்கு. இரண்டாவது தெறிப்புக்குப் பின் மஞ்சள் 64, நீலம் 36. இப்போது பாதியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அட்டையில் நகத்தளவு பார்த்த மஞ்சள், நான்கு சுவரில் ஏறியதும் வாய்விட்டுப் பேசுவதற்கு இதுதான் காரணம். எனவே பலகையில் பார்த்ததையும்கூட ஒரு படி குறைவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வடக்கு ஜன்னலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வடக்குப் பார்த்த அறைக்குக் குளிர்ந்த, நீலம் ஓடிய வெளிச்சமே வரும், ஆகவே மஞ்சள் சாயும் நிறத்தையே தேர்வு செய்யுங்கள் என்ற அறிவுரையைப் பல இடங்களில் படித்திருந்தேன். முதலில் வெண்ணெய் வெள்ளையை வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். சூரியன் எப்போதும் தெற்கிலேயே நிற்கும் நாடுகளுக்கு அது சரி. மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை இங்கே நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று பதின்மூன்று பாகைக்கும் மேல் வடக்கே. நண்பகலில் சன்ஷேட் அதைத் தடுத்துவிடும், ஆனால் காலையிலும் மாலையிலும் வெயில் வடக்கு ஜன்னல் வழியே சாய்ந்து நேராகத் தரையில் விழுகிறது. தெற்குச் சுவர் பப்பாளியானது சரியாக அந்த வேளையில்தான். இந்த அறிவுரையை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்டில் நான்கு மாதத்துக்கும் மேல் நம் வடக்கு ஜன்னல் வெயில் ஜன்னல்.

இரவு வெளிச்சத்தில் சாம்பல் வெள்ளைக்கு ஒரு சோதனை வந்தது. கூடத்தில் இருந்தவை 6500 கெல்வின் எல்.இ.டி குழல் விளக்குகள். கெல்வின் என்பது விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் கூடினால் ஒளி நீலத்தின் பக்கமும், குறைந்தால் மஞ்சளின் பக்கமும் சாயும். அவற்றின் கீழ் சாம்பல் வெள்ளை நீலம் ஏறி, மருத்துவமனைத் தாழ்வாரம்போல் விறைத்துத் தெரிந்தது. வெண்ணெய் வெள்ளை அழகாகவே இருந்தது. “ராத்திரிதானப்பா எல்லாரும் கூடத்துல உக்காருவோம்” என்று அம்மா வெண்ணெய் வெள்ளையின் பக்கம் நின்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 3000 கெல்வின் பல்பு ஒன்றை மாட்டினேன். சாம்பல் வெள்ளை சரியாயிற்று, ஆனால் வெண்ணெய் வெள்ளை மஞ்சள் பூசிய கன்னம்போல் ஆகிவிட்டது. அதன்பின் 4000 கெல்வின். அதன் கீழ் சாம்பல் வெள்ளை, மாலையில் இருந்த அதே சாதுவான வெள்ளையாக நின்றது. விளக்கை மாற்றுவது இரண்டு குழல்களின் செலவு, சுவரை மாற்றுவது ஒரு வாரப் பாடு என்று சொன்னதும் அம்மா ஒப்புக்கொண்டார். விளக்குப் பெட்டியின் மேல் கெல்வின் எண் அச்சிடப்பட்டிருக்கும். சுவர் நிறத்தைத் தேர்வதற்கு முன்பே வீட்டில் எந்த எண் விளக்கு எரிகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஒன்பதாம் நாள் அதே பலகைகளைப் படுக்கையறைக்குக் கொண்டு போனோம். இம்முறை முதலில் பிஸ்தாப் பச்சையைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்துவிட்டோம். அங்கே தரை பின்னாளில் போட்ட வெள்ளை டைல்ஸ். ஒரே ஜன்னல், அதன் வெளியே ஒரு வேப்பமரம். இலைகளில் வடிகட்டி வரும் வெளிச்சம் பச்சை ஏறியது. கூடத்தில் குற்றம் சொல்ல முடியாதபடி நின்ற சாம்பல் வெள்ளை, இங்கே மழைக்காலத்துப் பாசி படியத் தொடங்கிய சுவர்போல் தோன்றியது. ஈடுகட்டச் சிவப்பு இல்லாததால் அதன் பச்சை முழுதும் வெளியே வந்துவிட்டது. வெண்ணெய் வெள்ளையோ வேம்பின் பச்சையைத் தணித்துக்கொண்டு, நல்ல தேங்காய்ப்பால் நிறத்தில் நின்றது. கூடத்திற்குச் சாம்பல் வெள்ளை, படுக்கையறைக்கு வெண்ணெய் வெள்ளை என்று அன்றே முடிவாயிற்று. தவறாக வாங்கியதாக நினைத்த நான்கு லிட்டரில் மீதமிருந்தது படுக்கையறையின் இரண்டு கோட்டுக்கும் சரியாகப் போதுமானதாக இருந்தது.

கூடத்துக்கு அளவு இப்படி வந்தது: சுற்றளவு 52 அடி, உயரம் 10 அடி, ஆக 520 சதுர அடி, கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் 85 கழித்தால் 435. இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் 120 முதல் 140 சதுர அடி வரை வரும் என்ற கணக்கில் நான்கு லிட்டர் தேவைப்பட்டது. சோதனைக்கு வாங்கிய லிட்டரில் மிஞ்சியதையும் புது டப்பாவையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிய பிறகே தொடங்கினோம். வெளிர் நிறத்தில் சாயத்தின் அளவு மிகக் குறைவு. இரண்டு கலவைகளுக்கு இடையில் ஒரு துளி முன்பின் ஆனாலும், ஒரு சுவரின் நடுவில் டப்பா மாறினால் அந்த இடத்தில் கோடு தெரியும். மினுமினுப்பு அதிகமான வகையை எடுக்கவில்லை. பளபளப்பான சுவர் தரையின் சிவப்பைக் கண்ணாடிபோல் வாங்கிக் காட்டும். பளபளப்பே இல்லாத ‘மேட்’ வகையையும் எடுக்கவில்லை, ஏனென்றால் ஊஞ்சலுக்குப் பின்னால் தலை எண்ணெய்க் கறை படும் இடத்தைத் துடைக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட மெல்லிய மினுமினுப்பு வகைதான் பொருந்தியது. தெற்குச் சுவரின் வெண்ணெய் வெள்ளைக்கு மேல் பிரைமர் மறுபடி தேவைப்படவில்லை. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, இரண்டு கோட்டு அடித்ததில் அடியிலிருந்த நிறம் மறைந்துவிட்டது.

தை மாதத்தில் சூரியன் தெற்கே போன பிறகு கூடத்தை மீண்டும் கவனித்துப் பார்த்தேன். வெயில் தரையில் விழாததால் சிவப்பு எதிரொளி குறைந்து, காலை வேளையில் வடக்குச் சுவரின் மூலைகளில் சாம்பல் சற்றே கூடித் தெரிகிறது. அந்த மாதங்களில் மட்டும் வெண்ணெய் வெள்ளை இன்னும் இதமாக இருந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெக்கை மிகுந்த வைகாசியிலும் ஆனியிலும் வெளியிலிருந்து வந்து அமரும்போது கண்ணுக்குக் கிடைக்கும் அமைதியை எண்ணினால், நான் இந்த முடிவையே மீண்டும் எடுப்பேன். ஸ்விட்ச் போர்டைச் சுற்றி விரல் அழுக்கு சாம்பல் வெள்ளையில் சீக்கிரம் தெரிகிறது. மின்விசிறித் தூசியும் ஒட்டடையும் அவ்வளவாகத் தெரிவதில்லை. படுக்கையறையில் இது நேர்மாறாக இருக்கிறது.

இரண்டு நிறத்திலும் கால் லிட்டர் அளவு எடுத்து, மூடி இறுக்கிய கண்ணாடிப் பாட்டில்களில் பரண்மேல் வைத்திருக்கிறேன். டப்பாவின் மேல் ஒட்டியிருந்த கலவைச் சீட்டை, அதாவது நிற எண், பேஸின் பெயர், சாயங்களின் அளவு, கலந்த தேதி ஆகியவை அச்சான காகிதத்தை, உரித்தெடுத்து பீரோக் கதவின் உட்புறம் ஒட்டினேன். அதன் கீழே “கூடம், 4000 கெல்வின் விளக்கு” என்று அம்மா தன் கையால் எழுதி வைத்திருக்கிறார்.